வேகாத பருப்பும் ஐந்து டிகிரியும்

கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. அடுப்புக்கு மேலே போகிற கம்பியில், துணி தைக்கிற நூலால் அதைக் கட்டிவிட்டிருக்கிறேன். அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். புகை ஆகாத அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். அம்மா ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்த அப்பாவுக்குக் கொடுத்த வீடு. மணி பத்தாகியும் பனிமூட்டம் விலகவில்லை, வாசலில் நிற்கிற ஆரஞ்சு மரம்கூடத் தெரியவில்லை. எனக்குப் பதினாறு வயது. சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் விருந்துச் சாப்பாட்டை அம்மா சமைக்கலாமா, கூடாதா என்பது அந்தப் பானையில் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு கூட்டம்.

போன வாரம் இந்தத் தொடரில், ஹாஸ்டல் மின்விசிறி தலையில் விழுந்துவிடும் என்று பயந்து கட்டிலுக்கு அடியில் படுத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "எல்லாம் சரி, காலேஜில் சேர்ந்து என்னதான் படித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. படித்ததில் முக்கால்வாசி மறந்துபோனது. மறக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அம்மா மேல் இருந்த குற்றம்

என் அம்மா மலைக்காரி இல்லை. ஆத்தூர்ப் பக்கம், வெயில் கொளுத்துகிற சமவெளியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் விருந்து என்றால் பருப்புக் கடைய அவளைத்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் விருந்துச் சோற்றின் முதல் பிடி பருப்பும் நெய்யும்தான். பருப்பு வெண்ணெய் மாதிரி அமைந்துவிட்டால், பின்னால் வருகிற குழம்பில் உப்புக் குறைந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கை, அப்பாவைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டு மலை ஏறியதும் கெட்டுப்போனது. அதே துவரம்பருப்பு, அதே பக்குவம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. கடைந்தால் மத்துக்கு அடியில் நறநறவென்று ஓடும். அம்மா பருப்புக் கடையை மாற்றிப் பார்த்தாள். சுனைத் தண்ணீரை விட்டுவிட்டு மழைத் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். முழங்காலில் நின்று ஜெபமும் செய்தாள்.

இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் விட்டால் ஓரளவுக்கு வழிக்கு வரும். ஆனால் அப்பாவுக்குப் பகல் பன்னிரண்டரைக்குச் சோறு இலையில் இருந்தாக வேண்டும். அதனால் வெந்தும் வேகாமலும் இறங்கிவிடும்.

கிளியூரிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வருகிற பெண்களுக்கு அம்மாவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மலைக் குடியானவர் வீடுகளில் சாமைச் சோறு, ராகிக் களி, முதல் நாளே ஊறப்போட்ட அவரைக் கொட்டை. துவரம்பருப்போடு மல்லுக்கட்டுகிற தலைவிதி அவர்களுக்கு இல்லை. "ஏனுங்கம்மா, வேவாதுன்னு தெரிஞ்சும் ஏனுங்க இந்தப் பாடு படறீங்க?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அம்மா விடுவதாக இல்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சேலத்தில் வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளோடு மலையேறி வந்துவிடுவாள். வேகாத பருப்பை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கி இலையோரத்தில் வரிசை கட்டி வைப்பாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை. ஒரே ஒருமுறை என்னிடம், அம்மா காதில் விழுகிற மாதிரி, "உங்கம்மா கை உனக்கும் வந்துரப் போவுது சாமி, இப்பவே பாத்துக்க" என்றாள்.

அப்பா கெட்டவர் இல்லை. எதிலும் சான்று கேட்கிறவர், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்த சான்று எஸ்டேட் பங்களா சமையல்காரர். இதே மலை, இதே தண்ணீர், அங்கே மட்டும் எப்படிப் பருப்பு பூவாக வேகிறது என்பார். பங்களா அடுக்களையில் ஒரு குக்கர் இருந்தது. அது என்ன செய்யும் என்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆக, குற்றம் அம்மாவின் கைமேல்தான் நின்றது.

எனக்குப் பதினான்கு வயதான வருடம், கிறிஸ்துமஸ் சாப்பாட்டை ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சொல்லிவிட்டார் அப்பா. பெரிய தூக்குப்போசிகளில் வந்து இறங்கியது. மெஸ்காரர் பருப்பில் சோடா உப்பைத் தாராளமாகப் போடுவார் என்பது பிறகு தெரியவந்தது. அன்றைக்கு எல்லாரும் அந்தப் பருப்பைப் புகழ்ந்தார்கள். சொந்த வீட்டு விருந்தில் அம்மாவுக்கு இலை போடுவதும் பரிமாறுவதும் மட்டும்தான் வேலை. அவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், சாப்பிடவில்லை.

மறு வருடமும் மெஸ்தான்.

மலையைப் பார்த்தேன்

மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மலை எப்படி இருக்கும் என்று தெரியாது. சிரிக்காதீர்கள். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிவது மரமும் பாதையும் பனியும்தான்.

பஸ்ஸில் மலை இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுக்குள் எனக்கு வயிற்றைப் பிரட்டிவிடும், கண்ணை மூடிக்கொள்வேன். பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். அடிவாரம் வந்ததும் எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். காது ஏன் அடைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பஸ் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கீழே வந்த பிறகும் மலையைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஹாஸ்டலில் முதல் நாள் காலை, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். வடக்கே பார்த்தால் வானத்தின் கால்வாசியை அடைத்துக்கொண்டு நீலமாக ஒன்று கிடந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அது என்ன என்று கேட்டேன். "ஏற்காட்டுல இருந்து வந்துட்டு ஏற்காடு எதுன்னு கேக்கற பாரு" என்று அவள் சிரித்தாள்.

ஈரத் துணியோடு நின்றுகொண்டே இருந்தேன். அவ்வளவு பெரியதா? அவ்வளவு உயரத்திலா எங்கள் வீடு இருக்கிறது? நான் பல் துலக்கியதும், பள்ளிக்கூடம் போனதும், அம்மாவிடம் அடி வாங்கியதும் வானத்திலா? முதல் மணி அடித்ததே காதில் விழவில்லை.

நூற்று நான்கு

இந்த இடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் இருந்த மிஷன் பள்ளிக்கூடம். லேபில் ஆறு தெர்மாமீட்டர்கள் இருந்தன. கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் ஆறும் தொண்ணூற்றைந்தில் போய் நின்றுவிடும்.

சயின்ஸ் சார் தங்கமான மனிதர். சமவெளியிலிருந்து வந்தவர். புத்தகத்தில் நூறு என்று போட்டிருக்கிறது, புத்தகம் தப்பாக இருக்காது, ஆகவே தெர்மாமீட்டர் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டினார். "எது காட்டினாலும் அஞ்சக் கூட்டி எழுதுங்க" என்பது அவர் எங்களுக்குக் கொடுத்த விதி. ஆறு தெர்மாமீட்டரும் பேசிவைத்துக்கொண்டு சரியாக ஐந்தே டிகிரி குறைத்துக் காட்டுமா என்று வகுப்பில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்த விதியோடுதான் நான் சேலத்துக்கு வந்தேன்.

கல்லூரி லேப் அப்படி இல்லை. வரிசையாகக் கருப்பு மேஜைகள், குழாயைத் திருகினால் எரிகிற நீல நெருப்பு, பித்தளையும் கண்ணாடியுமாகப் பெயர் தெரியாத எத்தனையோ சாமான்கள். எதையாவது தொட்டு உடைத்துவிடுவேனோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பேன்.

அன்றைய வேலை சுலபமானது. தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். என்னுடையது தொண்ணூற்றொன்பதில் நின்றது. விதிப்படி ஐந்தைக் கூட்டினேன். நூற்று நான்கு என்று அழகாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

பிசிக்ஸ் மிஸ் நோட்டை வாங்கிப் பார்த்தார். மெலிந்த உருவம், பருத்திப் புடவை, அதட்டிப் பேச மாட்டார். நூற்று நாலில் கொதிக்கிற தண்ணீரை எந்தக் கிணற்றிலிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது காட்டியது, ஐந்தைக் கூட்டிக்கொண்டேன் என்றேன். ஏன் கூட்டினாய் என்றார். தெர்மாமீட்டர் எப்போதும் ஐந்து குறைவாகத்தானே காட்டும், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறும் அப்படித்தான் என்றேன். மறுபடியும் சிரிப்பு.

மிஸ் சிரிக்கவில்லை. "எந்த ஊரு நீ?" என்றார்.

"ஏற்காடு மிஸ்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "உங்க வீட்ல பருப்பு சரியா வேகுமா?" என்று கேட்டார்.

இந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. என் அம்மாவைப் பார்த்ததில்லை. இலையோரத்தில் அத்தை வைக்கிற வரிசை இவருக்கு எப்படித் தெரியும்? குறி சொல்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

தலைக்கு மேலே இருப்பது

வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னை நிறுத்திக்கொண்டு கரும்பலகையில் ஒரு படம் போட்டார். கீழே சேலம், மேலே ஏற்காடு, அதற்கும் மேலே சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து வெள்ளையாகக் காற்று. சேலத்தில் நிற்கிறவள் தலைக்கு மேலே இவ்வளவு காற்று. ஏற்காட்டில் நிற்கிறவள் தலைக்கு மேலே அதைவிடக் குறைவு. காற்றுக்கும் எடை உண்டு. அது தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அமுக்குவது குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், முழுச் சூடு ஏறாமலே.

எங்கள் ஊரில் தண்ணீர் தொண்ணூற்றைந்திலேயே கொதித்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்குக் கொதி கொதிதான். பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை, அதனால் நேரம் பிடிக்கிறது. பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டர்கள் ஆறும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பஸ்ஸில் என் காது அடைத்ததும் இதனால்தான்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்தேன். என் தலைக்கு மேலே காற்று இருக்கிறது, அது என்னை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். உச்சந்தலையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். அந்த நீலத்துக்குள் எங்கேயோ அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அவள் பானைமேல் எவ்வளவு காற்று நிற்கிறது என்பதை இங்கே ஒருவர் சாக்பீஸால் வரைந்து காட்டிவிட்டார். உலகம் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எனக்கு மலைப்பாக இருந்தது. எதற்கு என்று தெரியாமல் கைகூப்பி நின்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புறப்படும்போது மிஸ்ஸிடம் போய் ஒரு தெர்மாமீட்டர் கேட்டேன். முதல் வருடத்துப் பெண்ணுக்கு லேப் சாமானை யார் கொடுப்பார்கள்? அவர் கொடுத்தார். உடைக்காமல் கொண்டுவா, என்ன காட்டியது என்று எழுதிக்கொண்டு வா என்றார். அன்றே லேபில் கொதிக்க வைத்துப் பார்த்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது.

இரண்டு ரவிக்கைக்குள் சுருட்டி, மடியில் வைத்து, இருபது வளைவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் எனக்கு வயிற்றைப் பிரட்டவில்லை.

மறுபடியும் அடுப்படி

வீட்டுக்கு வந்தால், அந்த வருடமும் மெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "படிக்க அனுப்புனா அம்மாவுக்கு வக்கீலாத் திரும்பி வந்திருக்குது" என்று சிரித்தார். ஆனால் அவர் தினமும் காலை எட்டு மணிக்கு எஸ்டேட் மழையை அளந்து எழுதுகிறவர். மழை நின்று வெயில் அடித்தாலும் மழைமானிக் குழாயைப் பார்க்காமல் 'மழை இல்லை' என்று எழுத மாட்டார். சரி, அளந்து காட்டு என்றார்.

அப்படித்தான் அந்தக் காலையில் நான்கு பேரும் பானையைச் சுற்றி நின்றோம்.

தண்ணீர் கொதித்தது. பாதரசம் ஏறி ஏறித் தொண்ணூற்றைந்தில் நின்றது. அப்பா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தெர்மாமீட்டர் பழசாக இருக்கும் என்றார். எங்கள் சயின்ஸ் சார் சொன்ன அதே வார்த்தை. இரண்டு நாளைக்கு முன்னால் சேலத்தில் இதே தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது காட்டியது என்று நோட்டை நீட்டினேன்.

அப்படியானால் நெருப்புப் போதவில்லை என்றார். அவரே மண்டியிட்டு உட்கார்ந்து காப்பிச் செடிக் கட்டைகளை உள்ளே தள்ளினார். தீ பானையின் கழுத்துவரை ஏறியது. தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது. பாதரசம் அசையவில்லை. இன்னும் இரண்டு கட்டை. அசையவில்லை. அப்பா முகமெல்லாம் வியர்வை. அந்த டிசம்பர்க் குளிரில் ஒரு மனிதருக்கு வியர்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இன்னொரு கட்டைக்குக் கையை நீட்டினார்.

"போதுங்க" என்றாள் அம்மா. "நான் பதினேழு வருசமா எரிச்சுப் பாத்துட்டனுங்க."

அப்பாவின் கை அப்படியே நின்றது. அத்தை மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு அடுப்பின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண் எது என்று என்னைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "ஏன்டா தம்பி, அப்ப நாஞ் சொன்னதெல்லாம்..." என்று அப்பாவைப் பார்த்து ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஸ்வெட்டரை மாட்டி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, குடையை எடுத்தார். வாசலில் நின்று, மெஸ்ஸில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொன்னார். பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். அவள் சந்தோஷப்படுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"கண்ணு, இது இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா?"

"இல்லம்மா. நொம்ப நாளாச்சு. நூறு வருசத்துக்கும் மேல இருக்கும்."

"புஸ்தகத்துல இருக்குதா?"

"இருக்குது."

அம்மா எரிந்து முடியாத கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "எத்தன பேரு படிச்சவங்க இந்த மலைக்கு வந்து போறாங்க. ஒருத்தராச்சும் அடுப்படிக்கு வந்து சொல்லியிருக்கலாமில்ல."

நான் தெர்மாமீட்டரைக் கழற்றித் துடைத்து மறுபடியும் ரவிக்கைக்குள் சுருட்டினேன்.

மறுநாள் கோயிலில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரப் பத்தரை ஆகிவிட்டது. அத்தையின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அம்மா புதுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உலை வைத்தாள். கறியும் குழம்பும் ஒவ்வொன்றாக இறங்கின. பருப்பு மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று.

அம்மா மணைக்கட்டையைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் பானை இருக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவ்வப்போது ஒரு விறகைத் தள்ளுவாள். ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பாள், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சாய்ந்துகொள்வாள். அவசரம் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. கரும்பலகையில் காற்றைப் பார்த்து நான் எப்படி மலைத்தேனோ, அப்படியே அவளைப் பார்த்தும் மலைத்துப்போய் நின்றேன்.

அப்பா இரண்டு முறை அடுக்களை வாசல்வரை வந்தார். இரண்டாவது முறை எதையோ கேட்க வாயைத் திறந்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா திரும்பிப் போய்விட்டார். பசி பசி என்று முனகிய பிள்ளைகளை அத்தை அதட்டி உட்காரவைத்தாள். இலைகளை அவளே கழுவித் துடைத்தாள்.

அன்றைக்கு நாங்கள் மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். அத்தையின் இலையோரத்தில் ஒரு பருப்புக்கூட இல்லை. பருப்பு எப்படி இருக்கிறது என்று அம்மா ஒருவரையும் கேட்கவில்லை.